ஒரு கோடி டாலர் பரிசு! விண்வெளிக்குப் பறந்த 63 வயது விமானி

விண்வெளிக்குப் போவது யார்?

அரசாங்கம் அனுப்பும் வீரர்கள்தான் போக முடியும். உலகம் வெகு காலம் இப்படித்தான் நினைத்துக் கொண்டு இருந்தது.

1961-ம் ஆண்டில் யூரி ககாரின் போனார். அவரை அனுப்பியது ரஷிய அரசாங்கம். 1969-ம் ஆண்டில் நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். அவரை அனுப்பியது அமெரிக்க அரசாங்கம். 1984-ம் ஆண்டில் நம் நாட்டு ராகேஷ் சர்மா போனார். இந்தியாவும் ரஷியாவும் சேர்ந்து அவரை அனுப்பி வைத்தன.

ராக்கெட் என்றால் சும்மாவா? கோடி கோடியாகப் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். தனி மனிதனால் ஆகிற காரியமா அது?

ஆகும் என்று ஒருவர் நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. செய்தும் காட்டினார்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், மொஹாவி என்று ஒரு பாலைவனம் உண்டு. அங்கே ஒரு விமானக் கொட்டகை. அந்தக் கொட்டகையில் ஒரு சின்னஞ்சிறு விமானம் உருவானது. நீளம் 28 அடிதான்! ஏறக்குறைய ஒரு லாரியின் நீளம்.

2004-ம் ஆண்டில் அந்த விமானம் விண்வெளியை எட்டிப் பிடித்தது. அதை ஓட்டியவருக்கு வயது 63!

அந்தக் கதை ஒரு பரிசில் தொடங்குகிறது.

ஓட்டல் முதலாளியின் பந்தயம்

நியூயார்க் நகரில் ரேமண்ட் ஓர்டெய்க் என்ற ஓட்டல் முதலாளி இருந்தார். பிரான்சு நாட்டில் பிறந்தவர். சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்து, ஓட்டலில் எடுபிடி வேலை பார்த்து, பிறகு முதலாளி ஆனவர்.

1919-ம் ஆண்டில் அவர் ஒரு பந்தயம் கட்டினார். நியூயார்க்கில் இருந்து பாரிசுக்கு எங்கும் இறங்காமல் விமானத்தில் பறக்க வேண்டும். முதலில் பறப்பவருக்கு 25 ஆயிரம் டாலர் பரிசு!

இடையில் இருப்பது அட்லாண்டிக் மாகடல். பலர் முயன்றார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள்.

1927-ம் ஆண்டு மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் என்ற 25 வயது வாலிபர் கிளம்பினார். தபால் விமானம் ஓட்டியவர் அவர். ஒற்றை எஞ்சின். துணைக்கு ஆள் இல்லை. தூக்கமும் இல்லை. முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து பாரிசில் இறங்கினார்.

பரிசு லிண்ட்பெர்க்குக்குக் கிடைத்தது. உலகத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் கிடைத்தது. விமானப் பயணத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை வந்தது.

புத்தகம் கிளப்பிய ஆசை

லிண்ட்பெர்க் தன் பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதைப் பிற்காலத்தில் பீட்டர் டயமாண்டிஸ் என்பவர் படித்தார். டாக்டர் படிப்புப் படித்தவர். ஆனால் அவருடைய மனம் எல்லாம் விண்வெளியில்தான்!

விமானத்துக்குப் பரிசு வைத்தது போல், விண்வெளிக்கும் ஒரு பரிசு வைத்தால் என்ன? இதுதான் அவருக்குத் தோன்றிய யோசனை.

1996-ம் ஆண்டு மே மாதம் செயின்ட் லூயி நகரில் அவர் பரிசை அறிவித்தார். லிண்ட்பெர்க்குக்குப் பண உதவி செய்தவர்கள் அந்த ஊர் வியாபாரிகள்தான். அதனால் அந்த ஊரையே தேர்ந்தெடுத்தார்.

பரிசுத் தொகை ஒரு கோடி டாலர்! நிபந்தனைகள் இவை:

தரையில் இருந்து 100 கிலோ மீட்டர் உயரம் போக வேண்டும்.

விமானத்தில் மூன்று பேருக்கு இடம் இருக்க வேண்டும்.

போய் வந்த அதே விமானம் இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் போய் வர வேண்டும்.

அரசாங்கப் பணத்தில் கட்டியதாக இருக்கக் கூடாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பரிசை அறிவித்தபோது டயமாண்டிஸ் கையில் அந்த ஒரு கோடி டாலர் இல்லை!

பணம் கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தார். பல கதவுகளைத் தட்டினார். கடைசியில் ஒரு கதவு திறந்தது.

அனுஷே அன்சாரி என்ற பெண்மணி ஈரான் நாட்டில் பிறந்தவர். இளம் வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவுக்கு வந்தவர். டெலிபோன் துறையில் தொழில் நடத்திப் பெரும் பணக்காரர் ஆனார். நட்சத்திரங்களைப் பார்த்துக் கனவு கண்டு வளர்ந்தவர் அவர். அவருடைய குடும்பம் பணம் கொடுத்தது. பரிசுக்கும் அன்சாரி பெயரே வைக்கப்பட்டது.

அந்தப் பணத்தைக் கொண்டு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். யாராவது வெற்றி பெற்றால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கோடி டாலர் கொடுக்க வேண்டும். ஆனால் கெடு உண்டு. 2004-ம் ஆண்டு முடிவதற்குள் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் பரிசு கிடையாது!

7 நாடுகளில் இருந்து 26 குழுவினர் போட்டியில் குதித்தனர்.

ரூட்டன் கண்ட வழி

அவர்களில் ஒருவர் பர்ட் ரூட்டன். மொஹாவி பாலைவனத்தில் விமானம் கட்டுவது அவர் தொழில். யாரும் நினைக்காத வடிவத்தில் விமானம் செய்வார். அவர் செய்த விமானம் ஒன்று 1986-ம் ஆண்டில் எங்கும் இறங்காமல், வழியில் பெட்ரோலும் நிரப்பாமல், உலகத்தையே சுற்றி வந்தது!

கம்ப்யூட்டர் தொழிலில் கோடீசுவரர் ஆன பால் ஆலன், ரூட்டனுக்குப் பணம் கொடுத்தார். ஏறக்குறைய இரண்டரை கோடி டாலர்.

ரூட்டன் கட்டிய விமானத்தின் பெயர் "ஸ்பேஸ்ஷிப்ஒன்". முதலாவது விண்கப்பல் என்று அர்த்தம்.

தரையில் இருந்து ராக்கெட்டைக் கிளப்பினால், அடர்த்தியான காற்றைக் கிழித்துக் கொண்டு போக வேண்டும். அதற்கு ராட்சத எஞ்சின் தேவை. ரூட்டன் வேறு வழி கண்டார்.

குழந்தையைத் தாய் இடுப்பில் சுமப்பது போல், ஒரு தாய் விமானம் இந்தச் சிறிய விமானத்தைச் சுமந்து செல்லும். 47 ஆயிரம் அடி உயரம் போனதும் விட்டு விடும். அங்கே காற்று மெலிந்து இருக்கும். பிறகு சிறிய விமானம் தன் ராக்கெட்டைக் கொளுத்திக் கொண்டு மேலே பாயும்.

ராக்கெட்டில் எரிவது என்ன? ரப்பர்! அதை எரிய வைப்பது சிரிப்பு வாயு! பல் பிடுங்கும்போது வலி தெரியாமல் இருக்க டாக்டர்கள் கொடுப்பார்களே, அதே வாயுதான்.

ரப்பர் தானாக அப்படி எரியாது. வாயு பாய்ந்தால்தான் வேகமாக எரியும். குழாயை மூடினால் எஞ்சின் நின்று விடும். ஆபத்து வந்தால் விமானி உடனே எஞ்சினை நிறுத்தலாம்.

இறகுப் பந்து தந்திரம்

மேலே போவது ஒரு பங்கு கஷ்டம் என்றால், கீழே இறங்குவது இரண்டு பங்கு கஷ்டம். நூறு கிலோ மீட்டர் உயரத்தில் இருந்து விழும் விமானம் காற்றுக்குள் நுழையும்போது கொஞ்சம் கோணினாலும் போச்சு! தலைகுப்புறச் சுழலும். உடைந்து சிதறும்.

பாட்மிண்டன் ஆடுபவர்களுக்கு இறகுப் பந்து தெரியும். அதை எப்படி எறிந்தாலும் கனமான தலை கீழே, இறகு மேலே என்று தானே திரும்பி விழும். மெதுவாகவும் விழும்.

ரூட்டன் இதையே தன் விமானத்தில் செய்தார். இறக்கையின் பின் பாதியும் வாலும் கதவு மடங்குவது போல் மேல் நோக்கி மடங்கும். அப்போது விமானம் இறகுப் பந்து ஆகி விடும். காற்றே அதை நேராக்கிக் கொள்ளும். கீழே வந்த பிறகு இறக்கையை நிமிர்த்திக் கொண்டு, எஞ்சின் இல்லாமலே பருந்து போல் மிதந்து வந்து இறங்கும்.

தயார்! ஓட்டுவது யார்?

மயிரிழையில் வெற்றி

மைக் மெல்வில் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஒரு காலத்தில் ரூட்டனின் வரைபடத்தை விலைக்கு வாங்கி, தன் கையாலேயே ஒரு சிறு விமானம் கட்டினார். அதில் பறந்து மொஹாவிக்கு வந்து ரூட்டனிடமே காட்டினார். ரூட்டன் அவரை வேலைக்கு வைத்துக் கொண்டார். அதற்குப் பிறகு அவர் ரூட்டன் கட்டிய புது விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் விமானி ஆனார்.

2004-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி. விடிந்தும் விடியாத நேரம். பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி விட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். மெல்விலின் மனைவி சாலியும் நின்றார்.

தாய் விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரம் வட்டமிட்டு உயரப் போனது. பிறகு சிறிய விமானத்தை விட்டது.

மெல்வில் ராக்கெட்டைக் கொளுத்தினார். விமானம் செங்குத்தாகப் பாய்ந்தது.

உடனே ஆபத்து! காற்று அடித்த வேகத்தில் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறு பக்கம் சாய்ந்தது. வாலைத் திருப்பும் மோட்டார் ஒழுங்காக வேலை செய்யவில்லை. மெல்வில் மாற்று மோட்டாருக்கு மாற்றினார். விமானம் வழி விலகி விட்டது. பின்பக்கத்தில் "டமார்" என்று ஒரு சத்தமும் கேட்டது.

ஆனாலும் விமானம் ஏறியது. வானம் கருத்தது. கீழே பூமி வளைந்து தெரிந்தது. மெல்வில் பையில் இருந்து வண்ண மிட்டாய்களை எடுத்து விட்டார். அவை கீழே விழவில்லை. கண்ணுக்கு முன்னால் மிதந்தன!

எவ்வளவு உயரம் போனார்? 100 கிலோ மீட்டரும் 124 மீட்டரும்! எல்லைக் கோட்டை அவர் தாண்டியது 400 அடி அளவுதான். மயிரிழை வெற்றி!

பத்திரமாகத் தரை இறங்கினார். விண்வெளி உடை அணியாமல், சாதாரண விமானி உடையில் விண்வெளியைத் தொட்டு வந்து விட்டார். அரசாங்கத்தின் பணம் ஒரு காசு இல்லாமல் மனிதன் விண்வெளியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

29 தடவை சுழன்றது!

அது வெறும் ஒத்திகைதான். பரிசுக்கான முதல் பயணம் செப்டம்பர் 29-ந் தேதி நடந்தது. மறுபடியும் மெல்விலே ஓட்டினார்.

ராக்கெட் எரிந்து கொண்டிருக்கும்போதே விமானம் பம்பரம் போல் சுழல ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பத்து, இருபது... மொத்தம் 29 சுழற்சி! கீழே நின்றவர்களுக்கு மூச்சு நின்று விட்டது.

மெல்வில் கலங்கவில்லை. கருவியைப் பார்த்தார். தேவையான உயரம் கிடைத்து விடும் என்று தெரிந்தது. கொஞ்சம் முன்பாகவே எஞ்சினை நிறுத்தினார். சுழற்சியை மெல்ல மெல்ல அடக்கினார். அன்று தொட்ட உயரம் ஏறக்குறைய 103 கிலோ மீட்டர்.

இனி இரண்டு வாரத்துக்குள் இன்னொரு தடவை போக வேண்டும். இந்தத் தடவை வேறு ஒரு விமானிக்கு வாய்ப்புக் கிடைத்தது.

அவமானமும் வெகுமானமும்

அவர் பெயர் பிரையன் பின்னி. கடற்படையில் விமானியாக இருந்தவர்.

2003-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி இதே விமானத்தை முதன் முதலாக ராக்கெட் எஞ்சினில் ஓட்டியவர் அவர்தான். ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள் அது. பயணம் நன்றாக நடந்தது. ஆனால் இறங்கும்போது விமானம் தரையில் மோதி, ஒரு பக்கத்துச் சக்கரக் கால் மடங்கியது. விமானம் பாதையை விட்டு மணலில் சறுக்கி நின்றது.

அதற்குப் பிறகு நடந்த பெரிய பயணங்கள் எல்லாம் மற்றவர்களுக்கே போயின. பின்னி மனம் தளரவில்லை. இறங்குவதற்கு மீண்டும் மீண்டும் பயிற்சி எடுத்துக் கொண்டார். பத்து மாதம் காத்திருந்தார்.

2004-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி அவரைக் கூப்பிட்டார்கள். ரஷியா முதல் செயற்கைச் சந்திரனை 1957-ம் ஆண்டில் பறக்க விட்ட அதே தேதி!

பின்னி ஏறினார். விமானம் இம்மி பிசகவில்லை. சாயவில்லை, சுழலவில்லை. அம்பு போல் போனது. 112 கிலோ மீட்டர் உயரம்! அமெரிக்க அரசாங்கத்தின் எக்ஸ்-15 விமானம் 1963-ம் ஆண்டில் செய்த சாதனை 41 ஆண்டுக்குப் பிறகு முறிந்தது.

பிறகு இறங்கினார். எந்தத் தரையில் அவமானப்பட்டாரோ, அதே தரையில் பூப்போல் இறங்கினார்.

ஒரு கோடி டாலர் பரிசு ரூட்டன் குழுவுக்குக் கிடைத்தது. கெடு முடிய இன்னும் மூன்று மாதம்கூட இல்லை!

செலவு இரண்டரை கோடி. பரிசு ஒரு கோடி. கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் லிண்ட்பெர்க் கதைதான் இங்கேயும் நடந்தது. தனி மனிதர்களாலும் முடியும் என்று உலகம் தெரிந்து கொண்டது. "வர்ஜின்" கம்பெனி முதலாளி ரிச்சர்ட் பிரான்சன், இதே மாதிரி பெரிய விமானங்கள் கட்டிப் பயணிகளை ஏற்றிச் செல்வதாக அறிவித்தார்.

வெற்றி பெற்ற விமானத்தை 2005-ம் ஆண்டில் வாஷிங்டன் பொருட்காட்சிசாலையில் தொங்க விட்டார்கள். லிண்ட்பெர்க்கின் விமானம் இருந்த அதே மண்டபத்தில்!

வெற்றிக்கு விலை

பிரான்சன் இரண்டு மூன்று ஆண்டுகளில் பயணிகளை ஏற்றலாம் என்று நினைத்தார். ஆனால் அதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின!

2007-ம் ஆண்டு ஜூலை மாதம், மொஹாவியில் சிரிப்பு வாயுத் தொட்டியைச் சோதித்தபோது பயங்கர வெடி விபத்து. தொழிலாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். மூன்று பேர் காயம் அடைந்தார்கள்.

2014-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி இன்னொரு பேரிடி. புது விமானத்தை இரண்டு விமானிகள் சோதித்துக் கொண்டு இருந்தார்கள். இறக்கை மடங்காமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. குறிப்பிட்ட வேகம் வந்த பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். துணை விமானி சில விநாடி முன்னதாகவே திறந்து விட்டார். காற்றின் வேகத்தில் இறக்கை தானாக மடங்கியது. விமானம் நடுவானில் சிதறியது.

துணை விமானி மாண்டார். மற்றொரு விமானி வானத்தில் தூக்கி எறியப்பட்டார். பாரசூட் விரிந்தது. படுகாயத்துடன் உயிர் பிழைத்தார்.

உயிரைக் காக்கச் செய்த இறகுப் பந்து தந்திரமே, நேரம் தவறியதால் உயிரைக் குடித்து விட்டது.

விசாரணை நடந்தது. இறந்தவர் மேல் மட்டும் பழியைப் போட்டு விசாரணையை முடித்து விடவில்லை. மனிதன் தவறு செய்யக் கூடியவன்தான். ஒருவர் செய்யும் ஒரே ஒரு தவறு விமானத்தையே அழிக்கும்படி அதைக் கட்டியது சரியா என்று கேட்டார்கள். அதன் பிறகு, நேரம் வருவதற்கு முன்பு பூட்டைத் திறக்கவே முடியாதபடி ஒரு தடை பொருத்தப்பட்டது.

60 ஆண்டு காத்திருந்த மூதாட்டி

2021-ம் ஆண்டு ஜூலை மாதம் இரண்டு கோடீசுவரர்கள் போட்டி போட்டுக் கொண்டு பறந்தார்கள். 11-ந் தேதி பிரான்சன் போனார். அவருடன் போன ஐந்து பேரில், ஆந்திராவில் பிறந்த சிரிஷா பாண்ட்லாவும் ஒருவர். 20-ந் தேதி "அமேசான்" முதலாளி ஜெப் பெசோஸ், தன் சொந்தக் கம்பெனியின் ராக்கெட்டில் போனார்.

ஆனால் அன்று உலகத்தின் கண்கள் பெசோசை விட அவர் அருகில் இருந்த ஒரு மூதாட்டியின் மேல்தான் விழுந்தன. அவர் பெயர் வாலி பங்க். வயது 82.

1961-ம் ஆண்டில் அவர் இளம் விமானி. பெண்களும் விண்வெளிக்குப் போகத் தகுதி உள்ளவர்களா என்று ஒரு டாக்டர் சோதனை நடத்தினார். வாலி பங்க் அதில் சேர்ந்தார். ஒளி இல்லாத, சத்தம் இல்லாத தண்ணீர்த் தொட்டியில் பத்து மணி நேரத்துக்கு மேல் மிதந்தார். கடுமையான சோதனைகளில் தேறினார்.

ஆனாலும் பெண் என்ற காரணத்தால் கதவு திறக்கவில்லை. அரசாங்கம் ஆண்களை மட்டுமே அனுப்பியது.

அவர் சோர்ந்து போகவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். 60 ஆண்டு காத்திருந்தார். கடைசியில் கதவைத் திறந்தது ஒரு தனியார் கம்பெனி! பத்து நிமிஷப் பயணம். இறங்கியபோது இரண்டு கைகளையும் விரித்துக் கொண்டு, சின்னப் பெண் போல் துள்ளி வந்தார்.

பத்து நிமிஷமும் மூன்று நாளும்

இவர்கள் எல்லோரும் போனது மேலே எறிந்த பந்து போல. ஏறும், உச்சியைத் தொடும், திரும்ப விழும். பூமியைச் சுற்ற வேண்டுமானால் அது போதாது. மணிக்கு 28 ஆயிரம் கிலோ மீட்டர் வேகம் வேண்டும். பின்னியின் விமானம் போன வேகத்தைப் போல எட்டு மடங்கு! திரும்பி வரும்போது காற்று உரசி, வெளிப்புறம் 1,500 டிகிரிக்கு மேல் சூடாகும். இரும்பே உருகும் வெப்பம் அது.

இந்தக் காரியத்தில் இறங்கியது எலான் மஸ்க்கின் "ஸ்பேஸ் எக்ஸ்" கம்பெனி. 2002-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. முதல் ராக்கெட் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதும் தோல்வி! 2008-ம் ஆண்டில் நாலாவது ராக்கெட் வெற்றி பெற்றது.

2020-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி அந்தக் கம்பெனியின் "டிராகன்" விண்கலம், அமெரிக்க அரசாங்கத்தின் வீரர்கள் இரண்டு பேரையே ஏற்றிக் கொண்டு பறந்தது. அரசாங்கமே தனியாரிடம் டிக்கெட் வாங்கும் காலம் வந்து விட்டது!

2021-ம் ஆண்டு செப்டம்பரில் நாலு பேர் அதே வகை விண்கலத்தில் மூன்று நாள் பூமியைச் சுற்றினார்கள். நாலு பேரில் ஒருவர்கூட அரசாங்க விண்வெளி வீரர் இல்லை. அவர்களில் ஹேலி ஆர்சனோ என்ற 29 வயதுப் பெண்ணும் ஒருவர். சிறு வயதில் அவருக்கு எலும்புப் புற்றுநோய். காலில் உலோகத் தண்டு வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வளர்ந்த பிறகு, தன்னைக் காப்பாற்றிய குழந்தைகள் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பயணத்தின் மூலம் அந்த ஆஸ்பத்திரிக்கு 20 கோடி டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் நம் இந்திய விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். அந்த நிலையத்தில் கால் வைத்த முதல் இந்தியர் அவர். பயணத்தை ஏற்பாடு செய்தது ஒரு தனியார் கம்பெனி. ஏற்றிச் சென்றது இன்னொரு தனியார் கம்பெனியின் விண்கலம். சம்பளம் கொடுத்து அனுப்பி வைத்தது மட்டும் நம் அரசாங்கம்!

ஏழைக்கு எப்போது?

இது எல்லாம் பணக்காரர் விளையாட்டுத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிரான்சன் கம்பெனி ஒரு டிக்கெட்டுக்குக் கேட்டது முதலில் 2 லட்சம் டாலர். பிறகு நாலரை லட்சம் டாலர். சாதாரணக் குடும்பம் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் சேர்க்க முடியாத பணம்!

2023-ம் ஆண்டு ஆகஸ்டில் மட்டும் ஒரு விதிவிலக்கு நடந்தது. கரிபியன் கடலில் உள்ள ஆன்டிகுவா என்ற சின்னத் தீவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் பிரான்சன் விமானத்தில் போனார்கள். அவர்கள் கோடீசுவரர்கள் அல்ல. குலுக்கலில் சீட்டு விழுந்த அதிர்ஷ்டசாலிகள்! அவர்களுடன் போனவர் 80 வயது முதியவர். கை கால் நடுக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்.

விலை குறைய வழி உண்டா? உண்டு. முன்பு எல்லாம் ராக்கெட் ஒரு தடவை போனால் கடலில் விழுந்து அழிந்து போகும். சென்னையில் இருந்து டெல்லிக்குப் போன ரெயில் எஞ்சினை, போனதும் கடலில் தள்ளினால் டிக்கெட் என்ன விலை விற்கும்? 2015-ம் ஆண்டு டிசம்பரில் "ஸ்பேஸ் எக்ஸ்" ராக்கெட்டின் அடிப்பகுதி, வேலை முடிந்ததும் திரும்பி வந்து நின்றபடி தரை இறங்கியது. 2017-ம் ஆண்டில் அப்படி வந்த ராக்கெட்டையே மறுபடியும் பறக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அது அன்றாட வேலை ஆகி விட்டது.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2030-ம் ஆண்டு வாக்கில் ஓய்வு கொடுத்துக் கடலில் இறக்கத் திட்டம். அதற்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகளே விண்வெளியில் நிலையங்கள் கட்ட முன் வந்து இருக்கின்றன.

கையெழுத்துப் போடும் பயணி

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி, தனியார் விண்கலத்தில் ஏறும் பயணி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் பயணத்தில் உயிருக்கு ஆபத்து வரலாம், இந்த விண்கலம் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்று கொடுக்கவில்லை, இதை எல்லாம் தெரிந்தேதான் ஏறுகிறேன் என்பது அதன் சாரம்.

பஸ்சில் ஏறும்போது யாரும் இப்படிக் கையெழுத்து வாங்குவது இல்லை. ஆகாய விமானத்தில் ஏறும்போதும் வாங்குவது இல்லை. புதுத் தொழில் தவழ்ந்து பழகட்டும் என்று 2004-ம் ஆண்டில் இந்தச் சலுகையைக் கொடுத்தார்கள். கெடு முடிய முடிய நீட்டித்துக் கொண்டே வந்தார்கள்.

ஆகாய விமானமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. லிண்ட்பெர்க் பறந்த நாளில் விமானத்தில் ஏறத் துணிந்தவர்கள் வெகு சிலர். பிறகு ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குறையையும் திருத்தினார்கள். சட்டம் போட்டார்கள். அதனால்தான் இன்று பாட்டியும் பேரனும் பயம் இல்லாமல் விமானத்தில் ஏறி உட்காருகிறார்கள்.

விண்வெளிக்கும் அந்த நாள் வர வேண்டும். மெல்விலின் துணிச்சலும், பின்னியின் பொறுமையும் வழி திறந்து விட்டன. உயிர் கொடுத்தவர்கள் பாடம் சொல்லி விட்டுப் போய் இருக்கிறார்கள்.

டிக்கெட் விலை குறைந்தால் மட்டும் போதாது. அந்தக் கையெழுத்துத் தாளுக்கு அவசியம் இல்லாமல் போக வேண்டும். அந்த நாளில்தான் விண்வெளி எல்லோருக்கும் சொந்தம் ஆகும்.